வேடியப்பனின் விசைப்பெட்டி

நம் தர்மபுரி மாவட்டத்தில் மாங்காய்க்கும் புளிக்கும் அடுத்தபடியாக அமோகமாக விளைகிற ஒன்று உண்டு. மழை வேண்டாம், உரம் வேண்டாம், ஒரு செல்போனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைத்தால் போதும், தானாக முளைத்துவிடும். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆதாரசிகாமணி.

பெயரைக் கேட்டதும், ஆதாரத்தைத் தேடி அலைகிற பெரிய மனிதர் போலிருக்கிறது என்று மரியாதையாக எழுந்து நின்றுவிடாதீர்கள். தேடுவது, ஒப்பிடுவது, நாலு பேரை விசாரிப்பது, தப்பென்று தெரிந்தால் ஒப்புக்கொள்வது, இதெல்லாம் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்களின் தலையெழுத்து. நம்மாள் முடிவை முதலிலேயே எடுத்து, துடைத்து, பொட்டு வைத்து, வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார். பிறகு அதற்குத் தோதாக ஏதாவது கல்லோ செம்போ செல்லரித்த ஓலையோ கிடக்கிறதா என்று லீவு நாளில் பைக்கில் சுற்றுவார். கிடைக்காமல் போகுமா? கால் சட்டையைத் தைத்துவிட்டுக் காலைத் தேடிப் போகிறவருக்குக் கால் கிடைக்காமலா போய்விடும்?

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 'உலகத்திலேயே முதன்முதலாக' என்று ஆரம்பித்து 'இதைத் திட்டமிட்டு மறைத்துவிட்டார்கள்' என்று முடிப்பார். யார் மறைத்தார்கள் என்று கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். 'நான் சொல்லல, வரலாறு சொல்லுது' என்பார். வரலாறு பாவம், இவருக்குத் தெரியாமல் எதுவும் சொன்னதே கிடையாது. கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையைத்தான் பிடிப்பார். செல்லில் ஒரு போட்டோவைத் திறந்து, விரலால் விரித்து, மேலும் விரித்து, கடைசியில் வெறும் புள்ளி புள்ளியாக ஆனபிறகு 'தெரியுதுங்களா?' என்பார். ரசம் ஆறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் 'தெரியுதுங்க' என்பீர்கள். ஆறு மாதம் கழித்து அவருடைய புத்தகத்தின் முன்னுரையில், 'என் முடிவை நேரில் ஆராய்ந்து ஒப்புக்கொண்ட அறிஞர்கள்' பட்டியலில் உங்கள் பெயர் ஏழாவதாக இருக்கும்.

இந்த இனத்தில் ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வாருங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கும் தமிழ்ச்செல்வனைக் காட்டுகிறேன். பட்டம் வாங்கப் பல்கலைக்கழகம் போகவேண்டும் என்பது பேனர் கடை இல்லாதவர்களின் மூடநம்பிக்கை. தமிழ்ச்செல்வன் தனக்கு வேண்டிய பட்டத்தைப் பத்தடிக்கு ஆறடி அளவில் தானே அடித்துத் தானே கட்டிக்கொள்வார். 'ஆய்வுச் சிங்கம்' போன வருஷத்தது. இப்போது 'ஆயுத வரலாற்றின் தந்தை'.

தந்தையின் முடிவு என்னவென்றால், குறுக்குவில்லைக் கண்டுபிடித்தவன் நம்ம ஊர்க்காரன். குறுக்குவில் தெரியுமல்லவா? வில்லைப் படுக்கவைத்து ஒரு கட்டையில் பொருத்தி, நாணை இழுத்து மாட்டிவிட்டு, சாவகாசமாகக் குறிபார்த்து விசையைத் தட்டினால் அம்பு பாயும். சீனாக்காரன் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வெண்கல விசை செய்து வைத்திருந்தான். ஐரோப்பாவில், பிறந்ததிலிருந்து சண்டை பழகி இரும்புச் சட்டை போட்டு வந்த குதிரைவீரனை, நேற்றுவரை ஏர் ஓட்டியவன் ஒரு தட்டில் சாய்த்துவிடுகிறானே என்று பெரிய இடத்துக்காரர்களுக்கு வயிறு எரிந்து, கிறிஸ்தவன் மேல் இதை எய்யக்கூடாது என்று போப்பாண்டவர் சபையே தடைபோட்டது. நம் பழைய பாட்டுகளிலும் கோட்டை மதில்மேல் வில்லைப் பொறியாக வைத்திருந்த சேதி வருகிறது. இவ்வளவும் நிஜம். இதோடு நின்றிருந்தால் அந்த மனிதரைப் பற்றி எழுத எனக்கு என்ன இருக்கிறது?

நிற்கவில்லையே. இரவெல்லாம் வெளிநாட்டுத் தொடர் பார்த்தார். அதில் நல்லவன் கையிலும் குறுக்குவில், கெட்டவன் கையிலும் குறுக்குவில், யாருக்கும் அம்பு தீர்வதே இல்லை. மகனின் கம்ப்யூட்டர் விளையாட்டில் குறுக்குவில் வாங்க நானூறு புள்ளி சேர்த்தார். பிறகு அறுநூறு பக்கத்துக்கு ஒரு சரித்திர நாவல் எழுதினார். அதில் சித்தேரி மலை வீரன் ஒருவன் ஒரே குறுக்குவில்லில் மூன்று அம்பு வைத்து, மூன்று தளபதிகளை, மூன்று திசையில் வீழ்த்துகிறான். எப்படி என்று கேட்காதீர்கள், வீரன் மலைக்காரன், மேலே நிற்கிறான். நாவல் முடிந்தது. ஆதாரம் மட்டும் பாக்கி. அதைத் தேடிக்கொண்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், சித்தேரி அடிவாரத்தில் அம்பிகாவின் காட்டோரமாக அவருடைய பைக் நின்றது.

அம்பிகாவும் அவள் புருஷன் மாதேஷும் அந்தக் காட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், சாமையும், மரவள்ளி என்று நீங்கள் சொல்கிற குச்சிக்கிழங்கும் போடுகிறவர்கள். காட்டு மூலையில் புளியமரத்தடியில் மூன்று பலகைக்கல் நட்டு, மேலே ஒன்று மூடி, உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. வேடியப்பன். இந்தப் பக்கத்தில் ஊருக்கு நாலு வேடியப்பன் உண்டு. மாட்டைக் கொள்ளையடிக்க வந்தவனோடு சண்டை போட்டுச் செத்த ஆளுக்கு நட்ட கல் எதுவானாலும் எங்களுக்குப் பொதுவாக அந்தப் பெயர்தான். அம்பிகாவின் வேடியப்பன் இடது கையில் வில்லைச் செங்குத்தாகப் பிடித்திருக்கிறார். வலது கையில் கத்தி. காலடியில் ஒரு பசுவும் கன்றும். எதிரி எய்த அம்பு ஒன்று வில்லுக்குக் குறுக்கே வந்து அவர் வயிற்றில் பாய்ந்து நிற்கிறது.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் கழுவி முடித்ததும், அந்த வீட்டுப் பெண் ஒருத்தி மஞ்சளை அரைத்து எடுத்துப்போய், அம்பு பாய்ந்த இடத்தில் கெட்டியாகப் பத்து போடவேண்டும். மாட்டைக் காப்பாற்றப் போய் வாங்கின காயம். மாட்டுக்குப் பொங்கல் வைக்கிற நாளில் அதற்கு மருந்து வைக்காமல் இருக்க முடியுமா? இரண்டு வருஷம் பத்துமேல் பத்தாகப் போட்டு, மூன்றாம் வருஷம் வெந்நீரும் தேங்காய் நாரும் வைத்துப் பழசையெல்லாம் எடுத்துவிட்டுப் புதுசு போடுவார்கள். அம்பிகா கல்யாணமாகி வந்ததிலிருந்து பதினாலு வருஷமாக அது அவள் கை வேலை. அவள் பெண் பிரியதர்ஷினி காய்ச்சலில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, அம்பிகா இந்தக் கல்லிடம் வந்துதான் உட்கார்ந்தாள். உன் காயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், என் பிள்ளையை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பெண் இப்போது ஏழாவது படிக்கிறாள்.

தமிழ்ச்செல்வன் வந்து சேர்ந்தது மூன்றாம் வருஷப் பொங்கலுக்கு எட்டு மாதம் முன்பு. பத்து நன்றாகத் தடித்து, காய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, கையகல மேடாகப் புடைத்து நின்றது. அவர் பார்த்தார். வில். வில்லுக்குக் குறுக்கே ஒரு தண்டு. தண்டு முடிகிற இடத்தில் ஒரு பெட்டி. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

தண்ணீர் கொண்டுவந்த அம்பிகாவிடம், "ஏம்மா, இது என்னான்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"மஞ்சளுங்க சார்."

"அது மேல இருக்கிறது. நான் உள்ள இருக்கிறதக் கேக்கறேன்."

"உள்ளயும் மஞ்சதாங்க. போன வருசம் வெச்சது."

தமிழ்ச்செல்வன் மாதேஷைப் பார்த்துச் சிரித்தார். "விசைப்பெட்டிங்க இது. டிரிக்கர். உலகத்திலேயே முதன்முதலா உங்க காட்டுல இருக்குது."

"சார், அது அம்பு பட்ட எடம். நாங்க வருசா வருசம்..."

"நீ சும்மா இரும்மா. உனக்கு இதெல்லாம் தெரியாது."

தெரியாதாம். பதினாலு வருஷமாக அந்த இடத்தில் கைவைத்துத் தடவுகிறவளுக்குத் தெரியாது. முப்பது செகண்ட் செல்லில் பார்த்தவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் அவள் மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார், இரண்டாம் தடவை போட்டோவை அனுப்பிக்கொண்டிருந்தார், மூன்றாம் தடவை அனுப்பின போட்டோவுக்கு யார் கைதட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்ததையெல்லாம் நீங்களே யூகித்திருப்பீர்கள். நாவலில் ஒரு அத்தியாயம் கூடியது. அதில் வீரன் சாகும்போது தன் குறுக்குவில்லைக் கல்லில் செதுக்கி வைக்கச் சொல்கிறான். பிறகு கல்லைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நூல் எழுதினார், அதற்கு அடிக்குறிப்பாக நாவலைக் காட்டினார். நாவலின் இரண்டாம் பதிப்புக்கு ஆராய்ச்சி நூலைக் காட்டினார். ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு நின்றன. ஆராய்ச்சி நூலின் அட்டையில் அம்பிகாவின் மஞ்சள் பத்து, பக்கம் முழுக்க, பளபளவென்று.

இதோடு போயிருந்தால்கூட அம்பிகா சிரித்துவிட்டுக் களையெடுக்கப் போயிருப்பாள். ஆனால் ஆதாரசிகாமணிக்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் போதாது, அது இருந்த இடத்தில் இருக்கக்கூடாது. 'ஈடு இணையற்ற இந்த ஆயுதக் கல் மழையிலும் வெயிலிலும் மஞ்சளிலும் சீரழிகிறது. உடனே எடுத்து நகரத்தில் கண்ணாடிக்குள் வைக்கவேண்டும்' என்று தொல்லியல் துறைக்கு ஒரு மனு போட்டார். கடை வாசலில் ஒரு கூட்டம் போட்டார். மாதேஷை மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, மைக்கில் கேட்டார்: "அதிகாரி வந்து பாக்கிற வரைக்கும் கல்லை யாரும் தொடமாட்டோம்னு ஊரறிய வாக்குக் கொடுக்கறீங்களா?"

மாதேஷுக்கு அதுவரை யாரும் சேர் போட்டதில்லை. கொடுத்துவிட்டான்.

சால்வையோடு வீட்டுக்கு வந்தவனிடம் அம்பிகா கேட்டாள், "வந்து பாத்துட்டு?"

"புடிச்சிருந்தா டவுனுக்கு எடுத்துப்பாங்களாம். நம்ம பேரு எழுதி வெப்பாங்களாம்."

"அப்ப பொங்கலுக்கு மஞ்சள எங்க கொண்டுபோய் வெக்கறது? கண்ணாடி மேலயா?"

அவன் சால்வையை மடித்துவைக்கப் போய்விட்டான். அவளுக்கு அன்று ராத்திரியெல்லாம் ஒரே யோசனை. பயம்தான், வேறென்ன. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, காவல்காரர் சொல்கிற தூரத்தில் நின்று வேண்டிக்கொள்ளவேண்டுமா? பத்தரை மணிக்குத் திறந்து ஐந்தரைக்குச் சாத்துகிற சாமியிடம் என்னத்தைச் சொல்வது?

மாட்டுப் பொங்கல் வந்தது. மாடுகளைக் கழுவி, கொம்புக்குப் பெயின்ட் அடித்து முடித்தபிறகு அம்பிகா ஒரு குண்டானில் வெந்நீரும், தேங்காய் நாரும், அரைத்த மஞ்சளும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாதேஷ் வழியில் வந்து நின்றான்.

"ஏய், நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க மைக்குல குடுத்தீங்க. நான் அவருகிட்டயே நேரா குடுத்திருக்கேன். நவுருங்க."

நகர்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனே இன்னொரு குடம் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். மூன்றாம் வருஷம் அல்லவா, எப்போதும் போல அவள் நாரை நனைத்து, பத்தை ஊறவைத்து, கல்லுக்கு வலிக்கும் என்பது மாதிரி மெதுவாகத் தேய்த்தாள். விசைப்பெட்டி கட்டி கட்டியாக ஊறி, சேறாகிக் கால்வழியே ஓடியது. உள்ளே அம்பு முனை பாய்ந்த குழியும், வயிற்றுத் தோல் சுருங்கினதுபோல அந்தக் காலத்து ஆள் செதுக்கியிருந்த இரண்டு கோடும் தெரிந்தன. சுண்டுவிரல் அளவுக்குப் புது மஞ்சளை அதன்மேல் வைத்தாள்.

அதிகாரி வந்தது பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமை. நிர்மலாதேவி என்று பெயர், கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. தமிழ்ச்செல்வன் விடிவதற்குள் வந்துவிட்டார். நாற்பது சேர், மைக்செட், புத்தகக் கட்டு, அப்புறம் அவர் பெரிதாகவும் வேடியப்பன் தபால்தலை அளவிலும் இருக்கும் ஒரு பேனர். கல்லைத் திறந்துவைக்கவேண்டும் என்பதற்காக அதற்கு ஒரு பட்டுத்துணி வேறு. துணியைக் கட்டும்போதாவது மனிதர் கல்லைப் பார்த்திருக்கவேண்டாமா? கேமராவைப் பார்த்துக்கொண்டே கட்டினார். மாதேஷ் வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றான். அம்பிகா புளியமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முக்கால் மணிநேரம் பேசினார். சீனா வந்தது, போப்பாண்டவர் வந்தார், மூன்று தளபதிகளும் மூன்று திசையில் விழுந்தார்கள். "இதோ, உலகின் முதல் விசைப்பெட்டி" என்று துணியை இழுத்தார்.

வில் இருந்தது. அம்பு இருந்தது. வயிற்றில் அம்பு வாங்கி, விழாமல், கன்றுக்கு முன்னால் காலை ஊன்றி நிற்கிற ஒரு மனிதன் இருந்தான். பெட்டி இல்லை.

நிர்மலாதேவி குனிந்து பார்த்தார். புத்தக அட்டையைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார். பிறகு நேராக அம்பிகாவிடம் போனார். "நீங்க சுத்தம் பண்ணீங்களா? எதால?"

"தேங்கா நாருங்க. இரும்பு வெக்கமாட்டோம்."

"இந்தப் படத்துல தடிப்பா இருக்குதே?"

"காயத்துக்கு வெக்கிற மஞ்சளுங்க. மூணு வருசத்துக்கு ஒருக்கா எடுத்துருவோம். சார்கிட்ட சொன்னனுங்க."

"நல்லாத்தான் பாத்துக்கறீங்க. அம்பு பாஞ்ச மாதிரி கல்லு நம்ம மாவட்டத்துல நெறய இருக்குது. இது இங்கயே இருக்கட்டும்." நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டு, ஜீப்பில் ஏறிவிட்டார்.

அம்பிகா அப்போதுதான் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தமிழ்ச்செல்வன் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? தலை குனிந்தாரா, தப்பு என்றாரா? அவ்வளவு லேசானவரா அவர்? கல்லை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் ஏதோ ஓடியது, உண்மையைச் சொல்கிறேன், அந்த நாற்பது சேரில் ஒன்றில் உட்கார்ந்திருந்த எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. பிறகு அது போய்விட்டது. மைக்கை எடுத்தார். "பாத்தீங்களா? அழிச்சுட்டாங்க!" என்றார். குரலில் துக்கம் துளிகூட இல்லை. இருந்த ஆதாரத்தை யார் வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார்க்கலாம். அழிந்த ஆதாரத்தை எவன் சோதிக்க முடியும்? அடுத்த வாரமே கடையில் புது பேனர் தொங்கியது: 'அழிக்கப்பட்ட ஆதாரம்: கண்ணால் கண்ட ஒரே சாட்சி உரையாற்றுகிறார்'. இப்போது அவருக்கு முன்னைவிடக் கூட்டம் வருகிறது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். சிரித்து முடித்ததும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இவ்வளவு நேரம் வில்லைப் பார்த்தீர்கள், அம்பைப் பார்த்தீர்கள், இல்லாத விசைப்பெட்டியைக்கூட எட்டிப் பார்த்தீர்கள். வேடியப்பன் என்பது இங்கே எல்லாக் கல்லுக்கும் பொதுப் பெயர் என்று அப்போதே சொன்னேன். அப்படியென்றால், வயிற்றில் அம்போடு நிற்கிற இந்த ஆளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்குமே, அது என்ன என்று உங்களுக்குத் தோன்றியதா?

தமிழ்ச்செல்வனுக்குத் தோன்றவில்லை. நோட்டில் இரண்டு வரி எழுதிய அந்த அம்மாவும் கேட்கவில்லை. அம்பிகாவின் வீட்டில் உட்கார்ந்து இரண்டு மணிநேரம் கதை கேட்டு, குச்சிக்கிழங்கும் வாங்கித் தின்ற நானும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவளாகத்தான் சொன்னாள்.

"வர்றவங்க எல்லாருமே அவரு கையில இருக்கிறதத்தான் பாக்கறீங்க சார். கரியன்னு பேரு அவருக்கு. கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பனுங்க."